பல் நரம்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி முழுக்க விண் விண்ணென்று வலித்த பல், காலையில் டாக்டர் முன்னால் உட்காரும்போது அமைதியாகிவிடும். வழியில் மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைதான் காரணம். சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் கிளினிக்குக்கு நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். தூங்காமல் தவித்தவரிடம் மாத்திரை போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை, குளிர் வைத்தாலும் தட்டிப் பார்த்தாலும் தெரிய வேண்டிய வலியை அமுக்கிவிடும். கெட்ட பல்லும் நல்ல பல் மாதிரி தெரியும். தாங்க முடிந்தால் சோதனை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். போட்டுவிட்டீர்களா, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்ற கேள்வியும் அடிக்கடி வரும். பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான பற்கூழ் இருக்கிறது. சொத்தை எவ்வளவு ஆழம், வேர் நுனியில் எலும்பு கரைந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். பற்கூழுக்கு உயிர் இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

அதற்குத்தான் குளிர்ச் சோதனை. சின்னப் பஞ்சு உருண்டையில் ஸ்ப்ரே அடித்ததும் வெள்ளையாக உறைபனி படியும். பல்லை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு அதை வைப்போம். எடுத்தவுடனே வலிக்கிற பல்லில் வைப்பது டாக்டர் பக்கத்துத் தவறு. முதலில் பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ உள்ள நல்ல பல்லில் வைக்க வேண்டும். உங்கள் வாயில் நல்ல பல்லுக்குக் குளிர் எப்படித் தெரிகிறது என்று இருவருக்கும் புரிந்த பிறகுதான் சந்தேகப்படும் பல்லுக்குப் போக வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இந்தச் சோதனை செய்வதில் பிரயோஜனமே இல்லை.

உங்கள் பக்கத்துத் தவறு, "வலிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். நல்ல பல்லில் சுருக்கென்று தெரிந்து, பஞ்சை எடுத்ததும் ஓரிரு நொடியில் போய்விடும். பளீரென்று வலித்தாலும் சட்டென்று அடங்கினால், சொத்தையை அடைத்தாலே பெரும்பாலும் தேறிவிடும். பஞ்சை எடுத்து அரை நிமிஷம் ஆகியும் வலி இழுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பற்கூழ் தேறுவது கஷ்டம். அதனால் குளிர் பட்டதும் கையைத் தூக்குங்கள், முழுசாகப் போன பிறகு இறக்குங்கள். பஞ்சு படும் முன்பே பயத்தில் கையைத் தூக்கிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு முதலில் விரல் நகத்தில் வைத்துக் காட்டினால் பயம் குறையும்.

எதுவுமே தெரியவில்லை என்றால் பல் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து ஆடும்போது முழங்கை பட்டு முன்பல் ஆடும் நிலையில் வரும் பையன்களிடம் இதைப் பார்க்கிறேன். குளிர் வைத்தால் ஒன்றும் தெரியாது. வீட்டார் பதறிப்போய் அன்றைக்கே ரூட் கெனால் செய்யச் சொல்வார்கள். ஆனால் இந்தச் சோதனைகள் பார்ப்பது நரம்பின் பதிலை மட்டுமே, ரத்த ஓட்டத்தை அல்ல. அடிபட்ட நரம்பு மூன்று மாதம்வரைகூட மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பலாம். பல் நிறம் மாறுவது, ஈறில் சீழ்க்கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனி மாற்றம் என்று வேறு அறிகுறியும் சேர்ந்தால்தான் செத்துவிட்டது என்று சொல்லலாம். விழுந்து மறுபடி பொருத்திய பல்லுக்குக் கணக்கு வேறு, வேர் முழுசாக வளர்ந்த பல்லாக இருந்தால் அதில் காத்திருக்கக் கூடாது. மற்றபடி, டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் கூட்டிவந்தால் தேவையில்லாத ரூட் கெனாலிலிருந்து அந்தப் பிள்ளை தப்பிக்கலாம். வயதானவர்களுக்கும் கேப் போட்ட பல்லுக்கும் இதே எச்சரிக்கைதான். உள்ளே பற்கூழ் இருக்கும் குழி சுருங்கியிருந்தாலோ மேலே கேப் மூடியிருந்தாலோ குளிர் சரியாக உள்ளே எட்டாது.

பல்லில் லேசான மின்சாரம் கொடுத்து நரம்பைச் சோதிக்கும் கருவியும் உண்டு. அதில் வரும் எண்ணைப் பார்த்து "எனக்கு 40, அவருக்கு 20" என்று ஒப்பிடாதீர்கள். நரம்பு பதில் சொன்னதா இல்லையா என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கருவியை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தட்டிப் பார்ப்பதை நரம்புச் சோதனை என்று நினைப்பவர்களும் உண்டு. வேரைச் சுற்றியுள்ள சவ்வில் வீக்கம் இருக்கிறதா என்பதற்குத்தான் அது. பற்கூழ் செத்த பல்லும் தட்டினால் வலிக்கலாம்.

பல நாள் வலித்த பல் சிகிச்சையே இல்லாமல் தானாக நின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள். உள்ளே பற்கூழ் செத்து, தொற்று சத்தமில்லாமல் வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். முகம் வீங்கிய பிறகு வருபவர்கள் பலர் சொல்லும் கதை இதுதான். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.