பிரெஞ்சுச் சொல்லில் அசை பிரிப்பதும் அழுத்தம் அறிவதும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பிரெஞ்சு கற்கத் தொடங்குவோர் முதலில் யாப்பிலக்கண அசையைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். நமக்குக் ‘குளம்’ ஒரே நிரையசை; பிரெஞ்சுக் கணக்கிலோ கு-ளம் என இரண்டு, ஏனெனில் அங்கே ஒலிக்கும் உயிர்கள் எத்தனையோ அசைகளும் அத்தனையே.

இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய், பின்வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும். செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் ‘மர்தி’, மர்-தி ஆகும். ஆனால் க், ப் போன்ற மெய்யை அடுத்து ரகரமோ லகரமோ வந்தாலும், த், வ் போன்ற மெய்யை அடுத்து ரகரம் வந்தாலும் அவற்றைப் பிரிக்கலாகாது. ஏப்ரல் மாதமாகிய ‘அவ்ரில்’ அவ்-ரில் அன்று, அ-வ்ரில், புதன்கிழமை மெர்-க்ர-தி. மந்த்ரத்தையே ‘மந்திரம்’ என்று இளக்கிக்கொண்ட நாக்கு நம்முடையது என்பதால், இடையில் ஓர் இகரம் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இங்கேதான்.

எழுத்தசை வேறு, ஒலியசை வேறு. சனிக்கிழமைக்கான சொல்லை எழுத்தில் ஸ-மெ-தி என மூன்றாகப் பிரிப்பர். நடுவிலுள்ள எகரம் பேச்சில் மறைவதால் காதில் விழுவது ஸம்-தி என்ற இரண்டே.

சொற்கள் சேரும்போது நமக்கு ஒரு வசதி உண்டு. ‘நாகர்கோவில்’ என்பதோடு ‘இல்’ சேர்கையில் லகரமெய் அடுத்த உயிரோடு கூடி ‘லி’ ஆவதுபோலவே, ‘அவளுக்காக’ எனப் பொருள்படும் ‘பூர் எல்’ என்பதும் பூ-ரெல் என்றே பிரியும்.

அழுத்தத்தில்தான் நம் பழக்கம் குறுக்கே நிற்கிறது. சொல்லின் முதலில் ஊன்றுவது நம் இயல்பு. பிரெஞ்சில் ஒலிக்கும் கடைசி அசையே அழுத்தம் பெறும், அதுவும் குரலை உயர்த்தி அடிப்பதாக இல்லாமல் சற்று நீட்டுவதாகவே அமையும். மேலும் அந்த அழுத்தம் தனிச்சொல்லுக்கு உரியதன்று, ஒருமூச்சில் சொல்லும் சொற்கூட்டத்துக்கு உரியது. ‘மர்தி’ தனித்து நின்றால் ‘தி’ நீளும். ‘செவ்வாய் காலை’ என்பதற்கு ‘மர்தி மத்தேன்’ என்னும்போது ‘தி’ தன் நீட்சியை இழக்க, ‘தேன்’ அதைப் பெறும். அந்த இறுதி னகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடாது. பேச்சுத்தமிழில் ‘வரேன்’ என்பதன் முடிவைப்போல் மூக்கொலியாகவே நிற்கும்.

கன்னியாகுமரி முனைக்குப் பிரெஞ்சில் ‘கப் கொமொரேன்’ என்று பெயர். ‘கன்னியாகுமரி முனையில், செவ்வாய் காலை’ எனப் பொருள்படும் ‘ஒ கப் கொமொரேன், மர்தி மத்தேன்’ என்று விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: ஒன்பது தட்டுகள் வரும், ஐந்தாவதான ‘ரேன்’, ஒன்பதாவதான ‘தேன்’ ஆகிய இரண்டு மட்டுமே நீள வேண்டும்.