லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்: உள்ளூர்க் கிளையில் சேர நினைக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு

பெயரைப் பார்த்து ஆண்கள் தயங்க வேண்டாம். பெண்களின் வாக்குரிமைக்கான 19-ஆவது சட்டத்திருத்தம் உறுதியாவதற்குச் சில மாதம் முன்பு, 1920 பிப்ரவரியில் சிகாகோவில் தொடங்கிய அமைப்பு இது. வாக்காளர்களைப் பதிவு செய்ய உதவுவதும் தேர்தல் தகவல் தருவதும் இதன் வேலை. 1970-களிலிருந்து ஆண்களும் உறுப்பினர்கள். 16 வயது ஆகியிருந்தால் போதும்.

சேர்வது சில நிமிட வேலை. தேசிய அமைப்பின் தளத்தில் ஜிப் கோடு கொடுத்துப் பக்கத்துக் கிளையைக் கண்டுபிடித்துச் சந்தா கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய், வாக்காளர் பதிவை யார் கவனிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லாக் கிளையும் ஒரே அளவு சுறுசுறுப்பாக இருக்காது. பதிவு வேலை செப்டம்பரில் சூடுபிடிக்கும். பயிற்சி முடித்துத் தயாராக வேண்டுமென்றால் ஜூன், ஜூலையிலேயே சேர்ந்துவிடுவது நல்லது.

'கட்சி சாராத' என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். லீக் எந்த வேட்பாளரையும் கட்சியையும் ஆதரிக்காது, எதிர்க்கவும் செய்யாது. ஆனால் ஒரு கொள்கைப் பிரச்சினையை உறுப்பினர்கள் ஆராய்ந்து முடிவெடுத்த பிறகு அதற்காக வெளிப்படையாக வாதாடும். பதிவு மேசையில் உட்காரும்போது வேட்பாளர் பெயர் போட்ட தொப்பி, பேட்ஜ் எதுவும் கூடாது. "யாருக்குப் போடலாம்?" என்று கேட்டால், வேட்பாளர்களைப் பற்றிய தகவல் தரும், லீக் நடத்தும் வோட்411 தளத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளையின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பிரசாரத்துக்குப் போகும் ஆசை இருந்தால் சாதாரண உறுப்பினராகவே இருங்கள்.

பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நார்த் டகோட்டாவில் பதிவே கிடையாது. டெக்சாஸில் அடுத்தவரின் படிவத்தைக் கையில் வாங்க, கவுன்ட்டி அலுவலகம் உங்களை 'வாலன்டியர் டெபுட்டி ரெஜிஸ்ட்ரார்' (படிவம் வாங்க அனுமதி பெற்ற தன்னார்வலர்) ஆக நியமித்திருக்க வேண்டும். அதற்குக் குடியுரிமை கட்டாயம். அந்த நியமனம் அந்தக் கவுன்ட்டிக்கு மட்டும்தான். பக்கத்துக் கவுன்ட்டிக்காரரின் படிவத்தை வாங்க அங்கே தனி நியமனம் வேண்டும். வாங்கிய படிவத்துக்கு ரசீது கொடுத்து, ஐந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். காரின் பின்சீட்டில் கிடந்த படிவம் கெடு தாண்டிப்போனால், அந்த ஆள் வாக்குச்சாவடிக்குப் போய் ஏமாந்து திரும்புவார்.

படிவத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். அப்பா பெயர் சிலருக்குக் கடைசிப் பெயராகவும், சிலருக்கு வெறும் இனிஷியலாகவும் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த உரிமப் பதிவோடுதான் ஒப்பிடுவார்கள். இரண்டாவது பிறந்த தேதி. பழக்கத்தில் நாளை முதலில் எழுதுவார்கள், இங்கே மாதம் முதலில். நாள் 12-க்கு மேல் என்றால் தப்பு கண்ணில் படும், 07/11 என்றால் படாது. மூன்றாவது கையெழுத்து. அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். அவர் எதிரில் இருக்கும்போதே சரிபாருங்கள், போன பிறகு நீங்களாக ஒரு எழுத்தும் திருத்தக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் குடியுரிமைக் கேள்வி. கிரீன் கார்டு இருப்பவரோ எச்-1பி விசாக்காரரோ பதிவு செய்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. பொய்யாகக் குடிமகன் என்று சொல்வது நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பமும் இதைக் கேட்கிறது. அதனால் பேனாவை நீட்டுவதற்கு முன்பே, "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகத்தையும் பேச்சையும் பார்த்து ஊகிக்காதீர்கள், எல்லோரிடமும் கேளுங்கள். "கிரீன் கார்டு வந்து பத்து வருஷம் ஆச்சு" என்பது பதில் ஆகாது.

பதிவு செய்ய முடியாதவர்களுக்கும் கிளையில் வேலை உண்டு: மேசை போடுவது, துண்டறிக்கை அச்சிடுவது, வேட்பாளர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டத்தில் நேரம் பார்ப்பது.

தேர்தல் நாளில் அடிக்கடி வரும் கேள்வி, ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மா அப்பாவைப் பற்றியது. அவர்கள் குடிமக்களாக இருந்து, படிக்க முடியாததால் உதவி தேவைப்பட்டால், வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆவது பிரிவின்படி தாங்கள் விரும்பியவரை உள்ளே அழைத்துப் போகலாம். அவர்களுடைய முதலாளியோ, முதலாளியின் ஆளோ, தொழிற்சங்க நிர்வாகியோ கூடாது. மகனோ மருமகளோ போகலாம். வாக்குச்சாவடி ஊழியர் தடுத்தால் வாக்குவாதத்தில் இறங்காமல், பிரிவு எண்ணைச் சொல்லி அங்கிருக்கும் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.