அடுத்து எதைப் படிப்பது? தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலைத் தரப்பட்டியலாக எடுத்துக்கொள்வது பரவலான தவறு. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1931 முதல் இத்தகைய பட்டியலை வெளியிட்டு வருகிறது. ஒரே தரப்பு மொத்தமாக வாங்கியிருப்பதாகக் கடைகள் தெரிவித்தால், அந்த நூலின் அருகில் குத்துவாள் வடிவக் குறி ஒன்றைப் போடுகிறார்கள். பட்டியல் தயாரிப்பவர்களே எச்சரிக்கும்போது நாம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும்? அதில் இருப்பதெல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. அந்த வாரம் எது அதிகம் விற்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் வாசகர்கள் தரும் நட்சத்திர மதிப்பெண் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். பல பாகங்களாக வரும் நாவல்களில், முதல் பாகத்தைவிட மூன்றாம் பாகத்தின் சராசரி கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம். எழுத்து மெருகேறியிருக்க வேண்டும் என்பதில்லை. முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே விலகிவிட, மிஞ்சிய ரசிகர்கள் மட்டுமே மதிப்பெண் போடுகிறார்கள். பரிசு பெற்ற நூல்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. பரிசு அறிவிப்புக்குப் பிறகு வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் அவற்றின் மதிப்பெண் சரிவதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வகை எழுத்தில் நாட்டமில்லாதவர்களும் பரிசின் பெயருக்காக வாங்கிப் படிப்பது அதற்கு ஒரு காரணம். ஆக, யார் படித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண் சொல்கிறது. எண்ணை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதிய குறைகளைப் படியுங்கள். ‘கதை நகரவே இல்லை, வர்ணனைதான் அதிகம்’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், வர்ணனையை ரசிப்பவருக்கு அதுவே பரிந்துரை.

பரிசுகளில் வெற்றி பெற்ற நூலை மட்டும் பார்ப்பதும் வீண். புக்கர் பரிசின் நடுவர் குழு ஆண்டுதோறும் மாறும். இறுதித் தேர்வு அந்தச் சிலரின் உடன்பாடு. 2019இல் உடன்பாடு எட்டாமல், விதியை மீறி இருவருக்குப் பகிர்ந்தளித்தார்கள். முதல் கட்டத்தில் தேர்வாகும் பன்னிரண்டு, பதின்மூன்று நூல்கள் கொண்ட நெடும்பட்டியலில்தான் எனக்குச் சுவை அதிகம். அதிகம் பேசப்படாத பெயர்கள் அங்கே கிடைக்கும்.

பின்னட்டைப் புகழுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டியதை மட்டுமே அங்கே அச்சிடுவார்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

அபுனைவுக்கு, அதாவது வரலாறு, அறிவியல் போன்ற கதையல்லாத நூல்களுக்கு, வேறு சோதனை தேவை. பலர் தலைப்பையும் பொருளடக்கத்தையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அடிக்குறிப்புகள், துணைநூற்பட்டியல், சொல்லடைவு ஆகியவை இருக்கின்றனவா? தினசரிச் செய்திகளையும் பிறர் எழுதிய சுருக்கங்களையும் மட்டுமே சான்றாகக் காட்டும் வரலாற்று நூலைத் தயங்காமல் கீழே வைக்கலாம். அடுத்த நூலைத் தேடவும் துணைநூற்பட்டியலைப் போல உதவுவது வேறொன்றுமில்லை. ஒரே துறையில் உங்களுக்குப் பிடித்த மூன்று நூல்களும் ஒரு நூலை மேற்கோள் காட்டினால், அடுத்து அதைத்தான் எடுக்க வேண்டும். அது பழையதாக இருந்தாலும் பாதகமில்லை. மருத்துவம், தொழில்நுட்பம் போன்றவற்றில் மட்டும் பதிப்பாண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த நூலை எப்படியும் முடித்தாக வேண்டும் என்ற பிடிவாதம் புதிய தேடலையே முடக்கிவிடும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மீதி வரும் பக்கங்களைப் படித்தால் போதும். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாமாம்.