ட்ரையல்ஸ் சைக்கிளுக்கு ஃப்ரீவீல்: கிளிக் எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

ட்ரையல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறைகளையும் தடைகளையும் சைக்கிளில் குதித்துக் கடக்கும் விளையாட்டு. அதில் பெடலை முழுச் சுற்று மிதிக்க வேண்டிய தேவை குறைவு. பின்சக்கரத்தில் நின்றபடி பிரேக்கை விட்டு, கால் சுற்றுகூட இல்லாத ஓர் உதை. அடுத்த நொடி சைக்கிள் பாறை மேல். அந்த உதையின் பாரம் முழுவதும் ஃப்ரீவீலுக்குள், அதாவது முன்னோக்கி மிதித்தால் பிடித்து, பின்னோக்கிச் சுற்றினால் சும்மா சுழலும் பல்சக்கரத்துக்குள், இருக்கும் சில சின்ன எஃகு நாக்குகள் மேல் விழுகிறது. அவை வழுக்கினால் பெடல் காலுக்கடியில் பிடிமானம் இல்லாமல் சுழன்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாரில் மோதுவார், அல்லது கெண்டைக்காலைப் பாறையில் கிழித்துக்கொள்வார். அதனால்தான் இந்தப் பாகத்தை வாங்கும்போது நிதானம் தேவை என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கிளிக் எண்ணிக்கையை (ஒரு முழுச் சுற்றில் நாக்குகள் பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கையை) உறுதிக்கான அளவாக எடுத்துக்கொள்வது. 72 கிளிக் நல்லது, 108 அதைவிட வலுவானது என்று நினைக்கிறார்கள். அந்த எண் சொல்வது, பெடலை அழுத்தியதும் ஃப்ரீவீல் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பதை மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீவீல் முன்பக்கம் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) இருக்கிறது, கிராங்க் நீளம் 175 மி.மீ. என்றால், 72 கிளிக்கில் பிடிப்பதற்கு முன் அதிகபட்சம் 5 டிகிரி சும்மா சுற்றும். பெடல் அச்சில் அது சுமார் 15 மி.மீ. 108 கிளிக்கில் 3.3 டிகிரி, அதாவது சுமார் 10 மி.மீ. ஆக, கூடுதலாகக் கிடைப்பது 5 மி.மீ. மட்டுமே.

அந்த 5 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாக்குகள் கடிக்கும் வெளிவளையத்தின் உட்புறத்தில் 36 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு நாக்குகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவை அரைப் பல் தள்ளி அமைத்தால் 72 கிளிக் கிடைக்கும். ஒன்பது நாக்குகளை மூன்று குழுவாக்கினால் 108. ஆனால் இரண்டிலுமே ஒரு நேரத்தில் பல்லைக் கடிப்பவை மூன்று நாக்குகள்தான். வார்ப்பிலோ கடைசலிலோ சிறு பிசகு இருந்தால் அந்த மூன்றிலும் ஒன்றே முதலில் பாரத்தை வாங்கும், அதன் நுனிதான் முதலில் மழுங்கும். பல்லையே சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினாலோ கடியின் ஆழம் குறைந்துபோகும். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: ஒரே நேரத்தில் எத்தனை நாக்குகள் கடிக்கின்றன? எவ்வளவு ஆழம்? போட்டிகளில் குறுகிய இடத்தில் துல்லியமாகக் குதிப்பவருக்கு 108 உதவும். கற்றுக்கொண்டிருப்பவருக்கு நேர்த்தியாகக் கடையப்பட்ட 60 அல்லது 72 கிளிக் ஃப்ரீவீல்தான் என் பரிந்துரை.

அடுத்தது, ஃப்ரீவீல் எங்கே உட்காரப்போகிறது என்பதை மறந்துவிடுவது. 20 அங்குல ட்ரையல்ஸ் சைக்கிளில் செயின் ஓடும் பற்கள் முன்னால் 18, பின்னால் 12 என்பது வழக்கமான அமைப்பு. பொதுவான 1.37 அங்குல மரை கொண்ட ஃப்ரீவீல் 16 பல்லுக்குக் கீழே வராது. அதனால் ஃப்ரீவீல் கிராங்குக்குப் போய்விடுகிறது, பின்னால் ஃபிக்ஸட் ஹப், அதாவது பல்சக்கரம் சும்மா சுழலாமல் சக்கரத்தோடு பூட்டியிருக்கும் குடம். 70 கிலோ எடையுள்ளவர் படுக்கைவாட்டில் உள்ள 175 மி.மீ. கிராங்கின் பெடல் மேல் சும்மா நின்றாலே சுமார் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முன்பக்க ஃப்ரீவீல் அதை அப்படியே தாங்குகிறது. பழைய 26 அங்குல சைக்கிள்களில் இருந்ததுபோல முன்னால் 22, பின்னால் 18 பல் ஃப்ரீவீல் என்றால் அதே மிதிக்கு ஃப்ரீவீலுக்கு வருவது சுமார் 98. இது நிற்பதற்கான கணக்கு. உதைக்கும்போது இதைவிட எவ்வளவோ ஏறும். பின்னால் நன்றாக உழைத்த ஒரு ஃப்ரீவீலைக் கழற்றி முன்னால் போட்டால் அதே ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது.

தெருமுனை சைக்கிள் கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீவீல் மரைக்குப் பொருந்தும் என்பதற்காக அதை மாட்டுவதும் வேண்டாம். அது சாலையில் சீராக மிதிப்பதற்காகச் செய்தது. நாக்குகள் குறைவு, சும்மா சுற்றும் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில் கால் வேகமெடுத்த பிறகே நாக்கு பல்லில் போய் இடிக்கும். அப்படி இடிப்பதுதான் உடைக்கிறது.

நல்லதையே வாங்கி, பிறகு கெடுப்பவர்களும் உண்டு. கெட்டியான கிரீஸை உள்ளே அடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நாக்கையும் வெளியே தள்ளுவது மெல்லிய ஸ்பிரிங். கிரீஸ் ஒட்டிக்கொண்டால் நாக்கு முழுதாக எழாமல் பல்லின் ஓரத்தை மட்டும் பிடிக்கும். உதைக்கும்போது நழுவி, நுனி வட்டமாகிவிடும். குளிரில் இது இன்னும் மோசம். உள்ளே மெல்லிய எண்ணெய் போதும். ஓடை, சேறு என்று ஓட்டிவிட்டு வந்தால் தண்ணீரை வெளியேற்றிக் காயவைத்து மறுபடி எண்ணெய் விடுங்கள்.

கிரீஸ் கட்டாயம் வேண்டிய இடம் கிராங்கின் மரை. மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் தானாக இறுகிக்கொண்டே போகும். எஃகு ஃப்ரீவீல், அலுமினிய கிராங்க். வறண்ட மரையில் பூட்டினால் கழற்றும்போது கிராங்கின் மரையும் சேர்ந்து வந்துவிடும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள், கோணலாக ஏறினால் கையில் தெரிந்துவிடும். வாங்கும்போதே கழற்றும் கருவிக்கான பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆழமில்லாத நான்கு வெட்டுகள், இறுகிப்போன ஃப்ரீவீலில் கருவியைத் தாங்காமல் உடைந்துபோகும்.

பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்பதை விலைக்கு முன்பே கேட்டுவிடலாம். கலிபோர்னியாவின் வைட் இண்டஸ்ட்ரீஸ் செய்யும் ஈனோ ஃப்ரீவீலில் கார்ட்ரிட்ஜ் பேரிங் (உண்டைகள் ஒரே உறைக்குள் அடைத்து வரும் வகை) இருக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டலாம். விலை அதிகம்தான், ஆனாலும் அடிக்கடி ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகும். தனித்தனி உண்டைகள் கொண்ட மலிவான வகைகளின் மூடியையும் திறக்கலாம். ஆனால் அது இடதுமரை: கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் தட்டித் தட்டி மூடியை நாசமாக்கியவர்கள் நிறைய.

புதிய ஃப்ரீவீலுக்குப் பணம் கொடுக்கும் முன், வழுக்குவது ஃப்ரீவீல்தானா என்று உறுதிசெய்யுங்கள். நீண்டுபோன செயின் சிறிய பல்லைத் தாண்டிக் குதித்தாலும் காலில் அதே உணர்வுதான் வரும். இழுத்துப் பிடித்த செயினில் 12 முழு இணைப்புகள் 304.8 மி.மீ. இருக்க வேண்டும், 306.5ஐத் தாண்டினால் முதலில் செயினை மாற்றுங்கள். செயின் சரியாக இருந்தும் வழுக்கினால், பின்சக்கரத்தை பிரேக்கில் பூட்டிவிட்டு ஒவ்வொரு கிளிக்காகப் பெடலைப் பின்னோக்கி நகர்த்தி, ஒவ்வொன்றிலும் கையால் அழுத்திப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் பிடிக்காமல் அடுத்த கிளிக்குக்குத் தாவினால் அந்த ஃப்ரீவீலோடு பாறை ஏறாதீர்கள்.