இன்டர்நெட் போன் வாங்க முதல் றவுட்டரைப் பாருங்கள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் இன்டர்நெட் போன் (இணைய இணைப்பு வழியாகக் கதைக்கிற மேசைப் போன்) வாங்க முதல் ஒருக்கா றவுட்டரைக் கவனியுங்கள். குரலுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. குரலை டேட்டாவாக மாற்றி அனுப்பும் ஜி.711 முறையில் ஒவ்வொரு திசைக்கும் செக்கனுக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். ஒரு மணித்தியாலம் கதைத்தால் இரண்டு திசைக்கும் சேர்த்து 80 எம்பி அளவில் போகும். குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறை உள்ள போன் என்றால் 30 எம்பிக்குள் முடிந்துவிடும். டேட்டா எண்ணிப் பாவிப்பவர்கள் கடைக்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

குரலைக் கெடுப்பது தாமதம்தான். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் வீட்டில் 4ஜி றவுட்டரை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து யன்னல் நிலையில் வைத்தபிறகுதான் “ஹலோ, கேக்குதோ?” என்று கத்துவது நின்றது. போனையும் வைஃபையில் விடாமல் வயரில் கொழுவினோம். இரண்டு லேன் துளை (நெட்வேர்க் வயர் கொழுவும் துளை) உள்ள போன் நல்லது, ஒரே வயரில் கணினியும் ஓடும்.

SIP என்ற பொதுவான இணைய அழைப்பு முறையில் இயங்குகிற, ஒரே நிறுவனத்துக்குப் பூட்டாத போனாக எடுங்கள். சேவையை மாற்றினாலும் போன் கையில் இருக்கும்.

பழைய செப்புக்கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். இதற்கு வராது. மாரியில் மின்சாரம் நின்றால் போனும் றவுட்டரும் சேர்ந்தே செத்துவிடும். இரண்டுக்குமான வோல்ட் அளவைப் பார்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். அம்புலன்சுக்கு 1990 இலக்கத்தில் அடிக்க, சார்ஜ் உள்ள கைபேசி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.