பள்ளி மாவட்டத்துக்குப் பணம் போதுமா? இலினாய் கணக்கைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் பள்ளி மாவட்டத்துக்கும் கலெக்டர் மாவட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்கென்று பெரும்பாலும் தனி எல்லை, தேர்ந்தெடுத்த வாரியம், தனிச் சொத்து வரி உண்டு. ஒரு ஊரில் வரி கொட்டும், பக்கத்து ஊரில் சொட்டும். அந்த இடைவெளியை மாநிலம் எப்படி அடைக்கிறது என்பதுதான் விஷயம். இலினாய் மாநிலம் 2017இல் கொண்டுவந்த சட்டம், எல்லாருக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைக்காமல், ஒவ்வொரு மாவட்டத்தின் தேவையையும் தனியாகக் கூட்டுகிறது. பொறுமை இருந்தால் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

மாநிலக் கல்வி வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் எக்செல் கோப்பில் உங்கள் மாவட்டத்தின் வரிசையைத் தேடுங்கள். முதலில் மாணவர் எண்ணிக்கை. அக்டோபர் 1, மார்ச் 1 ஆகிய இரு நாள் கணக்கின் சராசரி அது. முந்தைய ஆண்டின் எண், மூன்றாண்டு சராசரி இரண்டில் பெரியதை எடுப்பார்கள்.

அடுத்து இலக்குத் தொகை, அதாவது போதுமான கல்வி தர ஆகும் செலவு. இதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். மழலை வகுப்பு முதல் 3ஆம் வகுப்பு வரை 20 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஏழைப் பிள்ளைகளானால் 15க்கு ஒருவர். 4 முதல் 12 வரை 25, 20. கீழ்வகுப்புகளில் 300 பேர், அதில் 120 பேர் ஏழைகள் என்று வையுங்கள்: 180ஐ 20ஆல் வகுத்தால் 9, 120ஐ 15ஆல் வகுத்தால் 8, மொத்தம் 17 ஆசிரியர். யாருமே ஏழை இல்லையென்றால் 15தான். இதுபோக 125 ஏழை மாணவருக்கு ஒரு கூடுதல் உதவி ஆசிரியர், ஆங்கிலம் கற்போர் 125 பேருக்கு ஒருவர், சிறப்புக் கல்விக்கு மொத்த மாணவரில் 141க்கு ஒருவர், 750க்கு ஒரு நர்ஸ். பணியிடங்களை மாநிலச் சராசரிச் சம்பளத்தால் பெருக்கி, வட்டாரக் கூலி நிலைக்கேற்பச் சரிசெய்வார்கள்.

பிறகு கையிருப்பு: மாநிலம் ஏற்கெனவே தரும் அடிப்படைத் தொகை, உள்ளூர் வரித்திறன், கம்பெனிகள் செலுத்தும் ஒரு மாற்று வரியின் பங்கு. இதை இலக்கால் வகுத்தால் போதுமை விகிதம் வரும். இலக்கு 1 கோடி டாலர், கையிருப்பு 70 லட்சம் என்றால் 70 சதவீதம்.

விகிதத்தை வைத்து நான்கு அடுக்குகள். மாநிலம் அந்த ஆண்டு கூடுதலாகத் தரும் புதுப்பணத்தில் 50 சதவீதம் மிகவும் பின்தங்கிய முதல் அடுக்குக்கு. அதன் வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்னொரு 49 சதவீதம், விகிதம் 90க்குக் கீழே உள்ள எல்லாருக்கும். முதல் அடுக்குக்கு இதிலும் பங்கு உண்டு. விகிதம் 90 முதல் 100 வரை உள்ளவர்களுக்கு 0.9 சதவீதம், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 0.1. இந்த ஆண்டு வாங்கியது அடுத்த ஆண்டின் அடிப்படைத் தொகையில் சேர்ந்துவிடும், அதனால் மாணவர் குறைந்தாலும் அது வெட்டப்படாது. ஆண்டுக்குக் குறைந்தது 35 கோடி டாலர் புதுப்பணம், 2027க்குள் எல்லாரும் 90 சதவீதம் என்பது சட்டத்தின் நோக்கம். கொரோனா ஆண்டில் புதுப்பணமே வரவில்லை. வந்த ஆண்டுகளிலும் இந்த வேகம் போதாது என்பதே எங்கள் கணிப்பு.

பலர் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். ஏழை மாணவர் எண்ணிக்கை பள்ளி மதிய உணவு விண்ணப்பத்திலிருந்து வருவதில்லை. மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), உணவு உதவி போன்ற அரசுத் திட்டங்களில் பெயர் உள்ள பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார்கள். தகுதியிருந்தும் பதியாத குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். உள்ளூர் வரித்திறனும் அப்படித்தான்: சொத்து மதிப்பை வைத்து நீங்கள் இவ்வளவு திரட்டலாம் என்று மாநிலமே போடும் மதிப்பு அது. வரியைக் குறைவாக வைத்தால் அந்தப் பள்ளத்தை மாநிலம் நிரப்பாது. கூடுதலாகத் திரட்டினால், கூடுதலின் ஒரு பகுதி கையிருப்பாக எண்ணப்படும். பேருந்துச் செலவு இந்தக் கணக்கிலேயே இல்லை, அதற்குத் தனி மானியம்.

விகிதம் ஏறினால் உடனே மகிழ வேண்டாம். மேற்படி மாவட்டத்தில் மாணவர் குறைந்து இலக்கு 95 லட்சமாக இறங்கினால், அதே 70 லட்சத்துக்கு விகிதம் 73.7 ஆகிவிடும். உங்கள் பள்ளி மாவட்ட வாரியக் கூட்டத்துக்குப் போகும்முன் இலக்கையும் கையிருப்பையும் மூன்றாண்டுக்குத் தனித்தனி வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.