பிள்ளைகள் பேச வரும்போது நாம் செய்யும் தவறுகள்

மே மாத வேலூர் வெயிலில் சுவரெல்லாம் காய்ந்து, இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குள் இருக்க முடியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். என் மகன் வாயைத் திறப்பது அங்கேதான். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதற்கு முன்பெல்லாம், காட்பாடியில் ரயிலை விட்டிறங்கி வீடு வந்து, கை கால் கழுவியதும் எதிரில் உட்காரவைத்து, "ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்பேன். "ஒண்ணுமில்ல." நமக்கு நேரம் கிடைத்தால் அவர்களுக்குப் பேச்சு வந்துவிடுமா? பதின்வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிறது. நாம் கொட்டாவி விடும் நேரத்தில் அவர்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறும் அம்மாக்களிடம் போய் ராத்திரி கண் விழியுங்கள் என்று சொல்ல முடியாதுதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போகலாம். நடந்துகொண்டே வரும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது, முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வது. "கணக்கு சார் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்" என்றதும் "நீ என்ன பண்ணின?" என்று கேட்டுவிடுகிறோம். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் மீதியும் வந்திருக்கும்.

என்னுடைய பெரிய தவறு வேறு. பயாலஜி குரூப் வேண்டாம், காமர்ஸ் எடுக்கிறேன் என்று அவன் என்னிடம் மட்டும் சொன்னான். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் டாக்டர் ஆசை இல்லாத வீடு ஏது? மனம் கேட்காமல் அக்காவிடம் சொன்னேன். குடியாத்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எல்லோர் முன்னிலும், "ஏன்டா, டாக்டருக்குப் படிக்க மாட்டியாமே?" என்று கேட்டுவிட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தான். எட்டு மாதம் என்னிடம் சொந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

மனதுக்குள் வைத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. "செத்துடலாம் போல இருக்கு" என்றால் நாடகம் என்று ஒதுக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

அவன் என்னிடம்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. என் தம்பி ஊருக்கு வந்தால் இரண்டு பேரும் கோட்டை அகழிப் பக்கம் நடக்கப் போவார்கள். ஆபத்தான விஷயமென்றால் தம்பி என்னிடம் சொல்லிவிடுவான். மற்றபடி என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.